அலகில்லாத வாள்கள்

வணக்கம், நேயர்களே.

2009 ஜூலை. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில், ஹேமர்விச் என்ற சிற்றூரை அடுத்த வயல். அப்போதுதான் உழுதிருந்தார்கள். உலோகங்களைக் கண்டறியும் கருவியோடு அங்கே நடந்துகொண்டிருந்த ஒருவருக்கு மண்ணுக்குள் தங்கம் தட்டுப்பட்டது. அவர் தகவல் சொல்ல, தொல்லியலாளர்கள் வந்து, செய்தி கசியாமல் வயலை அலசினார்கள். பின்னர் கிடைத்தவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 4,600 துண்டுகள். சுமார் 4 கிலோ தங்கம். ஏழாம் நூற்றாண்டில், மெர்சியா அரசு அந்தப் பகுதியை ஆண்ட காலத்தில் புதைக்கப்பட்டவை.

தங்கத்தின் எடையைப் பற்றித்தான் உலகம் பேசியது. என்னை வியக்கவைத்தது வேறு. பெண்கள் அணியும் நகை ஒன்றுகூட அதில் இல்லை. பெரும்பாலானவை வாளின் கைப்பிடி அணிகள். கைப்பிடியின் உச்சியில் பொருத்தும் குமிழ்கள் மட்டும் 70க்கு மேல். ஆனால் வாளின் வெட்டும் பகுதியான அலகு ஒன்றுகூட இல்லை!

இரும்பு துருப்பிடித்து மறைந்திருக்கும் என்று தோன்றலாம். அப்படியல்ல. பல துண்டுகளில், கருவியால் நெம்பிப் பிரித்த தடம் இருக்கிறது. நல்ல அலகு கொல்லரின் நீண்ட உழைப்பில் உருவாவது. அதற்கு வேறொரு பிடி போட்டு இன்னொருவர் இடுப்பில் கட்டியிருக்கலாம். பிடுங்கிய அணிகளின் வேலைப்பாட்டைப் பாருங்கள்: சிவப்புக் கார்னெட் கற்களுக்கு அடியில் மெல்லிய தங்கத் தகடு, அதில் நுண்ணிய கட்டம் கட்டமாக அச்சு. ஒளி கல்லைக் கடந்து, அந்தக் கட்டங்களில் பட்டுத் திரும்புகிறது. "ஆண்டவரே, எழுந்தருளும், உம் பகைவர் சிதறுண்டு போகட்டும்" என்னும் விவிலிய வாசகத்தை இலத்தீனில் பொறித்த உலோகப் பட்டையையும் இரண்டாக மடித்தே புதைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, இத்தகைய பொருள் கிடைத்தால் 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். ஆம், திடீர் மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரிதான். தனியே கிடைக்கும் சாதாரண இரும்பு ஈட்டிமுனை பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்குள் வராது. என் ஆதங்கம் அங்கேதான். அதை எடுத்த இடத்தைக் குறிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனால், அருகில் ஒரு கல்லறை இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

ஹேமர்விச்சில் இடம் பதிவாகியிருந்தது. அதனால் 2012இல் அந்த வயலை மறுபடி உழுதபோது ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். மேலும் பல துண்டுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று தலைக்கவசத்தின் கன்னத் தகடு. 2009இல் கிடைத்த தகட்டுக்கு அது ஜோடி.