திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

உள்ளங்கையில் அடங்கிவிடும் மான்குட்டி, வாலைத் தூக்கி நிற்கும் அணில், தூங்கி வழியும் பூனை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் இந்தப் பீங்கான் மிருகங்கள் கணக்கில்லாமல் செய்யப்பட்டன. திடீரென்று உலகத்துக்கு மிருகப் பாசம் வந்துவிட்டதா என்றால், அதெல்லாம் இல்லை. தொழிற்சாலைகளுக்கு வேலை வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் பர்ஸ்லம் என்ற ஊரில் இருந்த வேட் கம்பெனியைப் பாருங்கள். மின்கம்பிக்கான காப்பான்கள் (இன்சுலேட்டர்கள்), நெசவு இயந்திரத்துக்கான பீங்கான் உறுப்புகள் என்று செய்துகொண்டிருந்தவர்கள். அந்த ஆர்டர்கள் குறைந்ததும், அதே இயந்திரங்களில் உருக்கு அச்சு வைத்துக் குட்டி மிருகங்களை அழுத்தி எடுக்க ஆரம்பித்தார்கள். 1954இல் பெட்டிக்கு ஐந்தாக ‘விம்ஸீஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. 1967இல் கனடாவில் தேயிலைப் பெட்டிக்குள் இலவசமாகவும் போனது இந்தக் கூட்டம். அதனால் யாராவது தேயிலைப் பெட்டி மிருகத்தைக் காட்டி “மிக அரிது” என்று விலை சொன்னால், புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். 1954இன் முதல் வரிசை மிருகங்கள் ஐந்தும் அவற்றின் பெட்டியோடு கிடைத்தால் அது வேறு கதை.

பெரும்பாலான மற்ற பொம்மைகள் வார்ப்பு வேலை. பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் படியும். மிச்சக் குழம்பைக் கொட்டிவிட்டால் உள்ளே கூடான உருவம் நிற்கும். வயிற்றிலோ பாதத்திலோ சின்னத் துளை இருப்பது பழுதல்ல. சூளையில் சூடாகும் காற்று வெளியேற வேண்டுமே! பிளாஸ்டர் தேயத் தேய உருவமும் மழுங்கும். புது அச்சில் வந்த குதிரைக்குப் பிடரி மயிர் இழை இழையாகத் தெரியும். தேய்ந்த அச்சில் வந்ததற்கு வெறும் மேடுதான்.

போலியைப் பிடிப்பதற்கும் இதே தொழில்நுட்பம் உதவுகிறது. கலிபோர்னியாவில் ஹேகன்-ரெனாக்கர் என்ற குடும்பத் தொழிலகம் போர் முடிந்த கையோடு தொடங்கியது. அங்கே சிற்பி மோரீன் லவ் வடித்த குதிரைகளை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். அந்தத் தொழிலகத்தின் மிருகங்களைப் பார்த்து ஜப்பானில் மலிவு நகல்கள் வந்தன. ஒரு பொம்மையின் மேலேயே அச்சு எடுத்து வார்த்தால், மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்குவதால் நகல் மூலத்தைவிடச் சிறியதாகிவிடும். ஆகவே சட்டைப்பையில் ஓர் அளவுகோல் இருக்கட்டும்.

ஜப்பானியப் பொம்மை என்றால் மட்டமாக நினைக்க வேண்டாம். அடியில் ‘மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்’ என்ற முத்திரை இருந்தால், அது போருக்குப் பின் ஜப்பான் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்த காலத்துச் சரக்கு. 1952இல் ஆக்கிரமிப்பு முடிந்தது; முத்திரையும் முடிந்தது. வெறும் காகிதச் சீட்டு ஒட்டிப் போனவையும் ஏராளம். முத்திரை இல்லாததெல்லாம் மதிப்பில்லாதது என்று ஒதுக்கினால் நல்ல பொருள் கை நழுவும்.

வாங்கியதும் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள். சீட்டு போய்விடும் என்பது ஒன்று. சூளைக்குப் போகாமல் மேலே பூசப்பட்ட வண்ணமும் உரிந்துவிடும், உதட்டுச் சிவப்பும் கன்னச் சிவப்பும்தான் முதலில் போகும். மெல்லிய உலர்ந்த தூரிகை போதும்.

கால், காது, வால் ஆகிய மூன்றையும் விரல்நுனியால் தடவிப் பாருங்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் வழவழப்பு மாறும். புறஊதா விளக்கடியில் பல பசைகள் தனியே ஒளிரும். குதிரைகளில் கால் ஒடியாதது அபூர்வம், கால்கள் அவ்வளவு மெல்லியவை. ஒட்டியதை ஒட்டியது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுத்தால் நான் தாராளமாக வாங்குவேன். மறைத்து விற்பவரிடம் முழுசாக இருப்பதைக்கூட வாங்க மாட்டேன்.

நன்றி, வணக்கம்.