ஈரக்குலை நடுங்கும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

பயத்தைப் பற்றித் தமிழில் பேசும்போது எந்தெந்த உறுப்புகளைச் சொல்கிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? வயிற்றைக் கலக்கியது என்போம். வயிற்றில் புளியைக் கரைத்தது என்போம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, நெஞ்சு படபடத்தது, கை கால் உதறியது என்போம். பெரிய பயம் என்றால் ஈரக்குலையே நடுங்கிவிட்டது என்போம். உடலியங்கியல் பாடம் நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சொற்களைச் சேர்த்து வருகிறேன். இவை வெறும் அலங்காரப் பேச்சு அல்ல. பெரும்பாலானவை உடலுக்குள் நிஜமாகவே நடப்பவை.

முதலில் வயிறு. எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சம்பவம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். 1896ஆம் ஆண்டின் கடைசி. எக்ஸ்ரே கண்டுபிடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் வால்டர் கேனன் என்று ஒரு மாணவர். அந்தப் புதுக் கதிரை வைத்து எலும்பைப் பார்க்கலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இவரோ, விழுங்கிய சாப்பாடு உள்ளே எப்படி நகர்கிறது என்று பார்க்க முயன்றார். சாப்பாடு எக்ஸ்ரேயில் தெரியாதே! அதனால் எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரியும் பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பைக் கலந்து பூனைகளுக்கு ஊட்டினார். இரைப்பை அலை அலையாகச் சுருங்கி, உள்ளே இருப்பதைத் தள்ளுவது திரையில் நிழலாகத் தெரிந்தது. உயிருள்ள வயிறு வேலை செய்வதை உட்கார்ந்து பார்க்கிறார், நினைத்துப் பாருங்கள்.

ஆனால் சில சமயம் அந்த அலை அப்படியே நின்றுவிடும். பூனையின் முகத்தைப் பார்த்தால் அது மிரண்டிருக்கும், அல்லது கோபத்தில் இருக்கும். தடவிக் கொடுத்துச் சாந்தப்படுத்தினால் அலை மறுபடி கிளம்பும். மிரண்டால் நிற்கும், அமைதியானால் ஓடும். செரிமானத்தைப் பார்க்க வந்தவர் கண்ணில் பயம் பட்டுவிட்டது. அதன் பின்னாலேயே போய், ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து, 1915இல், ஆபத்து வந்தால் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று ஒரு நூலில் விரிவாக எழுதினார். கவலையான நாளில் சோறு இறங்காமல் தட்டை ஒதுக்கியவர்கள் எல்லாருக்கும் அந்தப் பூனையின் அனுபவம் உண்டு.

சரி, வயிறு ஏன் நிற்க வேண்டும்? ஓடித் தப்பிக்க வேண்டிய நேரத்தில் செரிமானம் அவசரமில்லை. அங்கே போகும் ரத்தம் கால் தசைக்குத் திருப்பிவிடப்படுகிறது. எச்சில் குறைகிறது, அதனால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தோலுக்குப் போகும் ரத்தமும் குறைவதால் விரல்கள் சில்லிடுகின்றன. சிறுநீரகங்களின் மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சில விநாடிகளில் அட்ரினலின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் கலக்கின்றன, இதயம் வேகமெடுக்கிறது. அப்புறம் நிதானமாக, சில நிமிடங்கள் கழித்து, கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறுகிறது. இதற்கெல்லாம் எரிபொருள் வேண்டுமே, அது எங்கிருந்து? ஈரலிலிருந்து! சேமித்து வைத்த சர்க்கரையை ஈரல் ரத்தத்தில் இறக்குகிறது. ஈரக்குலை நடுங்கியது என்று முதலில் சொன்னவருக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை. இருந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆக, உடல் ஓடத் தயாராகிவிட்டது. இப்போது நமக்கு வரும் ஆபத்து எது? மேலதிகாரி அனுப்பிய ஒரு செய்தி. கட்டவேண்டிய கடன் தவணை. பரிசோதனை முடிவு வரவில்லை. உடல் அதே ஏற்பாட்டைத்தான் செய்கிறது. நாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். ஏறிய சர்க்கரைக்குச் செலவில்லை. ஒரு நாள் என்றால் உடல் சமாளித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நீண்டால் தூக்கம் கெடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, நோய் எதிர்ப்புத் திறன் தளர்கிறது.

நான் சொல்ல வந்ததே இதுதான்: உடல் ஓடத் தயாரானால், அதைக் கொஞ்சம் ஓட விடுங்கள். அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருக்கும் மனிதர் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். "ஒரு இடத்தில் உட்காருங்களேன்" என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அவர் உடல் கேட்டதை அவர் கொடுக்கிறார். என் அப்பாவுக்காகக் காத்திருந்த ஒரு ராத்திரி நானும் அப்படித்தான் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். கவலை போகவில்லை. கை நடுக்கம் மட்டும் நின்றது. அந்த ராத்திரிக்கு அதுவே பெரிது.

சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் அனுமதிக் கையெழுத்துக்குக் காத்திராமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். இறங்கிய எரிபொருள் எரிகிறது. இன்னொன்றும் உண்டு. உடற்பயிற்சியும் உடலுக்கு ஒரு நெருக்கடிதான். அதிலும் இதயம் துடிக்கிறது, கடுமையாகச் செய்தால் கார்டிசால்கூட ஏறுகிறது. ஆனால் அதற்கு ஒரு முடிவு இருக்கிறது. ஏறுகிறோம், இறங்குகிறோம். தினமும் இதைச் செய்யும் உடல், இறங்குவதைப் பழகிக்கொள்கிறது. பழகியவரின் இதயத் துடிப்பு, பயிற்சியை நிறுத்தியதும் சீக்கிரம் தணியும். ஏறுவதைவிட இறங்கக் கற்பதுதான் முக்கியம், திரும்பவும் சொல்கிறேன், இறங்கக் கற்பதுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு நிமிடம் என்று விரல் காட்டுகிறார்கள். லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று ஜெரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 1953இல் காட்டியதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. எவ்வளவு செய்வது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், மிதமான வேகத்தில். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் அளவு. 10 நிமிடத்தில் தொடங்கினாலும் நல்லதுதான். நடக்கும்போது நெஞ்சில் வலியோ அழுத்தமோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். மூச்சைப் பற்றி ஒரே வரி: வெளியே விடும் மூச்சை நீட்டி விடுங்கள், இதயம் மெதுவாவது அப்போதுதான்.

நன்றி, வணக்கம்.