தேரா மன்னா!
(எங்கள் ஊர் கிளை நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. கைதட்டல், மைக் கரகரப்பு நீங்கலாக அப்படியே தருகிறேன்.)

தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, போன கூட்டத்தில் பெயர் விட்டுப்போனதால் இன்று வரையில் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத வாசகர் வட்டப் பொருளாளர் அவர்களே, நாற்காலி போதாமல் வீட்டிலிருந்து நாலு தூக்கி வந்த நூலகர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். கதைகளில் மனப்போராட்டம் ஒன்று, கைபேசியில் வருவதை எந்த அளவு நம்புவது என்பது இன்னொன்று, சிறுகதையில் மௌனம் மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே பழமொழிதான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பாண்டியன்தான் கொன்றான் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். கொலைக்களக் காதையைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பொற்கொல்லன் காவலர்களைக் கூட்டிவருகிறான். அவர்கள் கோவலன் முகத்தைப் பார்க்கிறார்கள், 'இவன் கொலைப்படு மகன் அலன்', அதாவது கொல்லப்பட வேண்டிய ஆள் இல்லை என்று சொல்லியும் விடுகிறார்கள். சந்தேகம் வந்துவிட்டது! உடனே பொற்கொல்லன் சிரித்துவிட்டு மந்திரம், தெய்வம், மருந்து என்று திருடர்களின் எட்டு உத்திகளை அடுக்கி ஒரு பாடமே நடத்துகிறான். அந்தப் பேச்சில் ஆதாரம் என்று ஒரு சொல் கிடையாது, தோரணைதான் எல்லாம். அடுத்து ஒரு இளைஞன், 'மழைநாள் நடுராத்திரி ஒரு திருடன் என் கைவாளையே பறித்துக்கொண்டு மறைந்துவிட்டான்' என்று தன் கதையை எடுத்துவிடுகிறான். இந்தக் கதைக்கும் கோவலனுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை, ஆனால் கேட்டவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே 'கல்லாக் களிமகன்' ஒருவன், படிக்காத குடிகாரன், வாளை வீசிவிடுகிறான்.

இது உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு மாதிரி இல்லையா? ஒருவர் சந்தேகப்படுவார், ஒருவர் எல்லாம் தெரிந்தவர் மாதிரி வகுப்பெடுப்பார், ஒருவர் 'எங்க தெருவிலேயே நடந்தது' என்பார், கடைசியில் எதையும் படிக்காத ஒருவர் நாற்பது பேருக்கு அனுப்பிவிடுவார். 2018 மே மாதம் போளூர் பக்கம், குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அப்போது சுற்றிக்கொண்டிருந்ததும் இப்படிப்பட்ட வதந்திதான். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. ஐந்து போதாதா, ஒரு வாளே போதுமாயிருந்ததே.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பொருளாளர் சொல்லிவிடுவார். ஒருநாள் காலையில் எங்கள் பள்ளி பழைய மாணவர் குழுவில், எனக்குச் சிலப்பதிகாரம் நடத்திய தமிழய்யா காலமானார் என்று படத்தோடு செய்தி வந்தது. எனக்குள் இரண்டு குரல். ஒன்று 'வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்' என்றது. இன்னொன்று 'யார் முதலில் இரங்கல் எழுதுகிறார்கள் பார்ப்போம்' என்றது. இரண்டாவதுதான் ஜெயித்தது. 'தமிழன்னை தன் தலைமகனை இழந்தாள்' என்று எழுதி அனுப்பிவிட்டு, 350 ரூபாய்க்கு ரோஜா மாலை வாங்கி, நண்பன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, மாலை காற்றில் உதிராமல் மடியில் அணைத்துக்கொண்டு போனால், ஐயா திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறார்! காலமானவர் அடுத்த தெருவில் அதே பெயர்க்காரர். ஐயா மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டேய், நீ அன்னிக்கும் தேறல, இன்னிக்கும் தேரல. எந்த ற, எந்த ர, சொல்லு பாப்போம்" என்றார். நான் விழித்தேன். "கண்ணகி கேட்டாளே, 'தேரா மன்னா'ன்னு, அந்த ர. விசாரிக்காதவனே!" என்று சொல்லிவிட்டு, "சரி, வாங்கிட்டு வந்துட்ட, போட்டுட்டுப் போ" என்று கழுத்தை நீட்டினார். உள்ளேயிருந்து அம்மா கரண்டியோடு வந்தது தனிக் கதை. தீர விசாரிப்பதே மெய்.

பாண்டியனுக்கும் மனப்போராட்டம் வந்தது, ஆனால் சிலம்பு உடைந்து உள்ளிருந்த பரல் சிதறிய பிறகு. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். 'யானே கள்வன்' என்று அவன் சாய்ந்ததை நாம் கொண்டாடுகிறோம். எனக்கு அவனைவிட அந்தக் காவலர்கள்மேல்தான் வருத்தம். சரியாகக் கணித்துவிட்டுச் சும்மா நின்றார்களே!

சரி, எங்கே போய் விசாரிப்பது? இங்கேதான் வருகிறேன். 1948லேயே நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆனால் நம் நூலகம் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து சேருவதற்குள் பூட்டிவிடுகிறது. நூலகரைக் குறை சொல்லவில்லை, அவர் ஒரே ஆள். இரவு எட்டு மணி வரை திறக்க இன்னொரு ஆள் வேண்டும். தலைவர் அம்மா தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மௌனம் பற்றிப் பேச நேரமில்லை, டீ ஆறுகிறது. வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது, பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம். நான் சொன்னேன் என்பதற்காகக் கையெழுத்து போடாதீர்கள், இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டுப் போடுங்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு பிழை இருப்பதாகத் தலைமையாசிரியர் ஐயா இப்போதுதான் காதில் சொல்கிறார். ர, ற பிழைதானாம்.