ஜாவா அரியணையும் கம்பெனியின் கணக்கேடும்

அவையோருக்கு வணக்கம்.

1628இலும் 1629இலும், நடு ஜாவாவின் மாத்தராம் அரசர் சுல்தான் அகுங் பத்தாவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை, முற்றுகையிட்டார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைக் கடலில் தள்ளிவிடுவதே அவர் நோக்கம். இரண்டு முறையும் தோற்றார். ஆனாலும் ஜாவாவின் உள்நாட்டில் ஒரு பிடி மண்ணைக்கூட கம்பெனியால் எடுக்க முடியவில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுக்குள் அவருடைய பேரன் அதே கம்பெனியிடம் போய் நின்று, தன் அரியணையை மீட்டுத்தரும்படி கேட்டான். எப்படி நேர்ந்தது இது? கம்பெனியின் பீரங்கியைக் காரணமாகச் சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பெனியின் கணக்கேட்டைப் பாருங்கள் என்பதே என் வாதம். ஒவ்வொரு வாரிசுப் போருக்கும் ஒரு செலவுப் பட்டியல் இருந்தது. வென்ற அரசன்தான் அதைக் கட்டவேண்டும். பணமாகக் கட்ட முடியாதபோது துறைமுகமாகக் கட்டினான், பிறகு நாடாகவே கட்டினான்.

முதலில், அரியணை ஏன் அத்தனை எளிதில் சண்டைப் பொருளானது என்று பார்ப்போம். மூத்த மகனுக்கே பட்டம் என்ற கட்டுறுதியான விதி மாத்தராமில் இல்லை. அரசருக்குப் பட்டத்து அரசியர் உண்டு, மற்ற மனைவியரும் உண்டு. பல தாய் வயிற்றுப் பிள்ளைகள். அரசரின் தம்பிகளும் உரிமை கோரலாம். தெய்வ ஒளி யார்மேல் இறங்குகிறதோ அவனே அரசன் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த ஒளி யாரிடம் இருக்கிறது என்பதைப் போர்க்களம்தான் காட்டும். இதோடு, ஒவ்வோர் இளவரசனுக்கும் மானியமாகக் குடிகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்தக் கணக்குக்கு ‘சாச்சா’ என்று பெயர். பரப்பளவால் நிலத்தை அளக்காமல், வரியும் உழைப்பும் தரக்கூடிய குடும்பங்களை எண்ணிப் பிரித்தார்கள். ஆயிரம் சாச்சா வைத்திருக்கும் இளவரசனுக்கு நெல்லும் உண்டு, ஆளும் உண்டு. வேண்டிய நாளில் கலகம் செய்ய இவ்வளவு போதும்.

முதல் ஒப்பந்தத்துக்கு வருவோம். அகுங்கின் மகன் முதலாம் அமங்குராத் கொடுங்கோலன். எதிர்த்த பிரபுக்களையும் ஆயிரக்கணக்கான சமயத் தலைவர்களையும் கொன்றவன். அவனுக்கெதிராக மதுரா தீவின் இளவரசன் துருனஜயா எழுந்தான். 1677இல் பிளெரெட் அரண்மனை விழுந்தது, கருவூலமும் பறிபோனது. அரசன் தப்பியோடும் வழியிலேயே இறந்தான். மகன் இரண்டாம் அமங்குராத்திடம் படையும் இல்லை, பணமும் இல்லை. அவன் கடற்கரைக்குப் போய், கம்பெனியின் கொர்னேலிஸ் ஸ்பீல்மனோடு ஒப்பந்தம் செய்தான். போருக்கான கட்டணம் முதலில் 2,50,000 ஸ்பானிய ரியால். அதற்கு ஈடாகக் கடற்கரைத் துறைமுகங்களின் வருவாய் அடகு. துணியும் அபினும் இறக்குமதி செய்யும் தனியுரிமை கம்பெனிக்கு.

துணி என்றால் எந்தத் துணி? நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கப்பலேறிய சோழமண்டலக் கரைத் துணி அதில் முக்கியமானது. நம் நெசவாளர் தறியில் பிறந்த சரக்கை ஜாவாவில் யார் விற்கலாம் என்பதை ஓர் ஓடிப்போன இளவரசனின் கையெழுத்து தீர்மானித்தது.

துருனஜயா பிடிபட்டான். 1680இல் அரசன் தன் கையாலேயே அவனைக் குத்திக் கொன்றான். விழுந்த அரண்மனை தீட்டுப்பட்டது என்பதால் கர்த்தசூராவில் புதிய தலைநகர் எழுந்தது. கடன் மட்டும் நிற்கவில்லை. 1682க்குள் அது 15 லட்சம் ரியாலைத் தாண்டிவிட்டது. துருனஜயா கொள்ளையடித்த கருவூலத்தைப்போல் பல மடங்கு. இந்தக் கடனை அந்த அரசால் ஒருபோதும் அடைக்க முடியாது. அடைக்க வேண்டிய பணம் வரவேண்டிய துறைமுகங்களே அடகில் இருந்தன. இந்த இடத்தைக் கவனியுங்கள், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுவே வேர்.

1703இல் அந்த அரசர் இறந்தார். மகன் மூன்றாம் அமங்குராத் பட்டமேறினான். முதல் வாரிசுப் போர் இங்கே தொடங்கியது. சித்தப்பா புகெர் இளவரசர் வட கடற்கரைத் துறைமுகமான செமாராங்குக்கு ஓடி, கம்பெனியின் ஆதரவில் முதலாம் பாக்குபுவனா ஆனார். 1705இல் கர்த்தசூரா கைமாறியது. உடனே ஒப்பந்தம். பழைய கடன் தள்ளுபடி. அதற்கு விலை என்ன? செமாராங் கம்பெனிக்கே சொந்தம். மதுராவின் கிழக்குப் பாதியும் போயிற்று. 25 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 800 கோயான் அரிசி இலவசம்; கோயான் என்பது அக்கால எடை அளவு. அரசன் செலவிலேயே தலைநகரில் டச்சுக் காவற்படை. ஜாவாக்காரரின் கப்பல்கள் கிழக்கே லொம்போக், வடக்கே காலிமந்தான், மேற்கே லம்புங் தாண்டிப் போகக்கூடாது. கடலோடிகளின் நாட்டுக்குக் கடலையே பூட்டிய வாசகம் இது. என்னைக் கேட்டால், பறிபோன நிலத்தைவிட இதுதான் பெரிய இழப்பு.

தோற்ற அமங்குராத் 1708இல் சரணடைந்தான். அவனை இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். அரச மரபுச் சின்னங்கள் அவனோடு போய்விட்டன. அவை இல்லாத அரியணைக்கு ஜாவாவில் முழு மதிப்பு கிடையாது. 1734இல் அவன் இலங்கையிலேயே இறந்த பிறகு, 1737இல்தான் அவை ஜாவா திரும்பின.

1719 முதல் 1723 வரை நடந்த இரண்டாம் வாரிசுப் போரில் நான்காம் அமங்குராத்தை அவருடைய தம்பிகளும் சித்தப்பாவும் எதிர்த்தார்கள். முறை அதேதான்: கம்பெனி காத்தது, அரசர் கடன்பட்டார்.

மூன்றாவதுதான் நாட்டையே பிளந்தது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1740 அக்டோபரில் பத்தாவியாவில் சீனர்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். தப்பியவர்கள் கடற்கரை நகரங்களைத் தாக்கினார்கள். இரண்டாம் பாக்குபுவனா, கம்பெனி வீழும் என்று கணக்குப் போட்டு 1741இல் கர்த்தசூராக் காவற்படையைத் தாக்கினார். கம்பெனி வீழவில்லை. அரசர் பக்கம் மாறினார். சினந்த கலகக்காரர்கள் 1742இல் தலைநகரைப் பிடித்து வேறோர் இளவரசனை அமர்த்தினார்கள். மதுராவின் சக்ரநிங்கராத் படையெடுத்து அந்நகரை மீட்டார். அவருக்குக் கிடைத்த பரிசு? தான் மீட்ட நாட்டில் பங்கு கேட்டுக் கம்பெனியோடு மோதி, கடைசியில் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு நாடு கடத்தப்பட்டார்.

1743 ஒப்பந்தத்தில் கடற்கரை முழுவதும் ஒரு குறுகிய பட்டையாகக் கம்பெனிக்குப் போனது. ஆண்டுக்கு 5,000 கோயான் அரிசி. முதல் மந்திரியை நியமிக்கக் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும். இந்தக் கடைசி வாசகம் மற்றதைவிடக் கொடியது. அரசரிடம் செல்ல வேண்டிய எந்த விண்ணப்பமும் முதல் மந்திரி வழியாகவே போகும். அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதே மாறிவிட்டது.

புதிய தலைநகரான சுரகர்த்தாவுக்குக் குடிபெயர்ந்த அரசர், கலகக்காரர் ராடென் மாஸ் சைதை சுகோவதிப் பகுதியிலிருந்து விரட்டுபவருக்கு 3,000 குடும்பங்கள் என்று அறிவித்தார். சைதின் கோபத்துக்கும் காரணம் உண்டு, அவர் தந்தையைக் கம்பெனி 1728இல் இலங்கைக்கு நாடு கடத்தியிருந்தது. அரசரின் தம்பி மங்குபூமி விரட்டிக் காட்டினார். முதல் மந்திரி தடுத்ததால் அரசர் வாக்கு மாறினார். 1746இல் கவர்னர் ஜெனரல் வான் இம்ஹாஃப் நேரில் வந்து, கடற்கரைப் பகுதி முழுவதையும் ஆண்டுக்கு 20,000 ரியாலுக்குக் குத்தகை எடுத்தார். மங்குபூமி அதை எதிர்த்தார். வான் இம்ஹாஃப் திறந்த சபையிலேயே, பேராசைக்காரர் என்று அவரைக் கண்டித்தார். அதே ஆண்டு மே மாதம் மங்குபூமி வெளியேறி, நேற்றுத் தான் விரட்டிய சைதோடு கைகோத்தார்.

1749 டிசம்பர் 11. மரணப் படுக்கையில் கிடந்த அரசர், தம் நாட்டின் ஆட்சியுரிமையையே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். சில நாளில் மகனை மூன்றாம் பாக்குபுவனாவாகக் கம்பெனி அமர்த்தியது. அதற்குள் மங்குபூமியும் தம்மை அரசராக அறிவித்துவிட்டார். தாளில் நாடே கம்பெனியுடையது. களத்தில் பெரும்பகுதி கலகக்காரர் கையில். 1751 டிசம்பரில் போகோவொந்தோ ஆற்றங்கரையில் டச்சுத் தளபதி டி கிளெர்க் கொல்லப்பட்டார். மங்குபூமியும் சைதும் பிரிந்த பிறகுதான் கம்பெனிக்கு மூச்சு வந்தது. கம்பெனியின் நிக்கோலாஸ் ஹார்ட்டிங் 1754 செப்டம்பரில் மங்குபூமியைச் சந்தித்துப் பேரம் முடித்தார். 1755 பிப்ரவரி 13, கியாந்தி ஒப்பந்தம். மங்குபூமி, சுல்தான் ஹமெங்குபுவனா ஆனார். பாதி நாடும் கடற்கரைக் குத்தகையில் பாதியான 10,000 ரியாலும் அவருக்கு. நாட்டைப் பங்கு கொடுத்த மூன்றாம் பாக்குபுவனா அந்தத் தாளில் கையெழுத்தே போடவில்லை.

நாட்டைப் பிரித்தார்கள் என்றவுடன் வரைபடத்தில் கோடு போட்டதாக எண்ணிவிடாதீர்கள். குடும்பக் கணக்கை எண்ணிப் பிரித்தார்கள். மையப் பகுதியில் தலா 53,100 குடும்பம். ஒரு கிராமம் சுல்தானுக்கு, அடுத்தது சுரகர்த்தாவுக்கு. திருடன் வரப்பைத் தாண்டினால் வேறு அரசின் ஆள். ஒரே கிராமத்துக்கு இரண்டு பட்டயம். போர் ஓய்ந்தும் வழக்கு ஓயவில்லை. 1773-74இல் புதிய கணக்கெடுப்பும் இரு அரசுக்கும் பொதுவான சட்டத் தொகுப்புகளும் வந்தபின்தான் எல்லைத் தகராறுகள் அடங்கத் தொடங்கின. சைதுக்கு 1757 மார்ச்சில் சலதிகாவில் 4,000 குடும்பங்கள் கொடுத்து, மங்குநெகரான் என்ற தனிச் சமஸ்தானம் உண்டாக்கினார்கள்.

டச்சுக்காரர் போய் ஆங்கிலேயர் வந்தபோதும் இந்தக் கணக்குமுறை மாறவில்லை. 1812 ஜூன் 20 அன்று ஜாவாவை ஆண்ட ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸின் படை, இந்தியச் சிப்பாய்களோடு, மங்குபூமி வழி சுல்தான்களின் தலைநகரான யோக்யகர்த்தாவின் அரண்மனைக்குள் புகுந்து கொள்ளையடித்தது. இரண்டாம் ஹமெங்குபுவனா பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார், மகன் அரியணை ஏறினார். ‘கெடு’ என்ற வளமான சமவெளி ஆங்கிலேயருக்குப் போனது. உதவிய இளவரசர் நாதகுசுமாவுக்கு, பாக்கு ஆலம் என்ற பட்டத்தோடு 1813இல் ஒதுக்கிய பங்கும் 4,000 குடும்பங்கள்தான்.