ஜாக்கி வைக்கும் முன் அண்டை கொடுங்க: மலைப்பாதையில் ஜீப் டயர் மாற்றுவது

(காட்சி: குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பாதை. மழை விட்ட காலை. இடது பின் டயர் இறங்கிய நிலையில் ஒரு ஜீப்.)

வணக்கம் மக்களே. வண்டி நிக்கிற இடத்தை முதல்ல பாருங்க. ஒரு பக்கம் ரப்பர் மரம், மறுபக்கம் சரிவு, சக்கரத்துக்கு அடியில ராத்திரி மழையில ஊறின செம்மண். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை. தோட்டத்துப் பாதையில காஞ்சு இறுகின தரை கிடைக்கும்னு நம்பி யாரும் மலையேற முடியாது.

அதனால பஞ்சர்னு தெரிஞ்ச இடத்துலயே ஜாக்கியை எடுக்காதீங்க. மெதுவா உருட்டி, கொஞ்சமாவது சமமான இடத்துக்கு வண்டியைக் கொண்டு போங்க. அந்த டயர் கிழிஞ்சு போகலாம். போகட்டும், வேற வாங்கிக்கலாம். உள்ள இருக்கிறவங்க எல்லாரும் இறங்கி மேட்டுப் பக்கமா நிக்கணும்.

(காட்சி: ஹேண்ட் பிரேக் நெருக்கமாக.)

இப்ப ஹேண்ட் பிரேக். இதைப் பத்திதான் நான் நிறைய பேசப் போறேன். ஏன்னா இதை நம்பி ஒரு தடவை என் கையைப் பறிகொடுக்கப் பார்த்தேன். பேச்சிப்பாறைக்கு மேல ஒரு இறக்கத்துல, பழைய வில்லிஸ் ஜீப். ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டேன், முதல் கியர்லயும் போட்டுட்டேன். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பின நொடியில வண்டி நகர்ந்துச்சு. ஜாக்கி சாஞ்சுது, பிரேக் டிரம் மண்ணுல வந்து குத்துச்சு. கூட இருந்த டிரைவர் அண்ணன், "கையை எடுலே மக்கா!"ன்னு கத்தினதாலதான் இந்த விரல் எல்லாம் இருக்கு.

ஏன் நகர்ந்துச்சு? பின் ஆக்சிலுக்கு நடுவுல குண்டா ஒண்ணு இருக்குல்ல, அதுக்குள்ள இருக்கிறது டிஃபரன்ஷியல். வளைவுல திரும்பும்போது ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்தணும், அதுக்காக வச்சது. அதோட குணம் என்னன்னா, கியர் பக்கமிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டு வர்ற தண்டை, அதாவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிச்சு நிறுத்திட்டா, ஒரு சக்கரம் முன்னால சுத்தினா மற்றது பின்னால சுத்தும். ரெண்டும் தரையில இருக்கிறவரைக்கும் அப்படிச் சுத்த வழியில்ல, வண்டி நிக்கும். ஒண்ணைத் தூக்கிட்டீங்க, அது அந்தரத்துல சுதந்திரமா பின்னால சுத்தும். தரையில இருக்கிறது தாராளமா முன்னால உருளும்.

பழைய வில்லிஸ் ஜீப்புலயும் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர்லயும் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரிச்சுக் கொடுக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்துல அந்த ஷாஃப்டைத்தான் பிடிக்கும். அதனால ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினதும் அந்த பிரேக்கும் போச்சு, கியரும் போச்சு. பின் சக்கர டிரம்மையே பிடிக்கிற ஹேண்ட் பிரேக் உள்ள வண்டி பரவாயில்ல. அதுலயும் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினா மிச்சம் பிடிச்சிருக்கிறது ஒண்ணே ஒண்ணு.

(காட்சி: ட்ரான்ஸ்ஃபர் கேஸ் லீவர்.)

வேணும்போது டூ வீல்ல இருந்து ஃபோர் வீலுக்கு மாத்திக்கிற வண்டின்னா ஒரு வழி இருக்கு. முன் சக்கரத்தை ஆக்சிலோட பூட்டுற லாக் ஹப்புல (சக்கரத்து நடுவுல) இருந்தா அதைப் போட்டு, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் லீவரை ஃபோர் லோவுல (நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்கிற நிலை) தள்ளி, முதல் கியர்ல விடுங்க. அப்ப முன் ஷாஃப்டும் கட்டுப்படும். முன் சக்கரம் ரெண்டும் தரையில இருக்கிறதால வண்டியைப் பிடிக்கும். அந்த லீவர் மட்டும் நியூட்ரல்ல இருந்துடக் கூடாது. இருந்தா கியர் போட்டும் பிரயோஜனம் இல்ல, ஆட்டோமேட்டிக் வண்டியில 'பி' (பார்க்) போட்டும் பிரயோஜனம் இல்ல.

இவ்வளவு செஞ்சாலும் அண்டை கொடுத்தே ஆகணும், அதாவது சக்கரம் உருளாம இருக்க அடியில கட்டை வைக்கணும். கைக்குக் கிடைச்ச உருண்டைக் கல் வேண்டாம், அது சக்கரத்தோட சேர்ந்து உருளும். ஆசாரிகிட்ட சொன்னா ஆப்பு மாதிரி நாலு கட்டை அறுத்துத் தருவார், வண்டியிலயே கிடக்கட்டும். தூக்கப் போற சக்கரத்துக்கு நேர் எதிர் மூலையில இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொண்ணு. மிச்ச ரெண்டு கட்டையும் தரையில நிக்கிற மற்ற சக்கரங்களுக்கு, இறக்கம் இருக்கிற பக்கமா. காலால உதைச்சு இறுக்கிடுங்க.

(காட்சி: பலகையும் பாட்டில் ஜாக்கியும்.)

ஜாக்கிக்கு அடியில பலகை. கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரு மூலையில 600 கிலோ பாரம்னு வைங்க. ஜாக்கி அடிப்பாகம் 10 சென்டிமீட்டர் சதுரம்னா, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மண்ணுலயும் 6 கிலோ இறங்கும். ஈர மண்ணு தாங்காது. 30 சென்டிமீட்டர் சதுரப் பலகை போட்டா அதே பாரம் முக்கால் கிலோவுக்கும் கீழ வந்துடும். பலகை 5 சென்டிமீட்டர் கனமாவது இருக்கணும். அயினி, பலா எதுவானாலும் சரி, விரிசல் இல்லாததா இருக்கட்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம், சொல்லாம உடையும்.

பின்னால ஜாக்கி வைக்க வேண்டிய இடம் ஆக்சில் குழாய், ஸ்ப்ரிங் பட்டையை ஆக்சிலோட கட்டுற யூ போல்ட் கிட்ட. சேசிஸ்ல வச்சா, ஸ்ப்ரிங் தொங்கித் தீர்ற வரைக்கும் சக்கரம் கிளம்பாது. வண்டியை வீணா உயரத் தூக்கணும், உயரத் தூக்கின வண்டி ஆடும். நடுக் குண்டுல வச்சா ரெண்டு சக்கரமும் எழும்பும், வண்டி பக்கவாட்டுலயும் சாயும். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு, கையேட்டுல காட்டின இடம்தான்.

இன்னொண்ணு, ஆளுயரக் கைப்பிடி ஜாக்கியைப் பலரும் பின்கதவுல மாட்டிக்கிட்டுப் போறாங்க. இறக்கும்போது கைப்பிடி தானா மேலே அடிச்சா தாடை உடையும், தலையை அதுக்கு நேரா நீட்டாதீங்க. ஆடி மாசத்து ஆரல்வாய்மொழிக் காத்துல அதுல வண்டியை ஏத்தவே ஏத்தாதீங்க.

(காட்சி: நட்டைத் தளர்த்துதல்.)

சக்கரம் தரையில இருக்கும்போதே எல்லா நட்டையும் அரைச் சுத்து தளர்த்துங்க. ஸ்டெப்னியைக் கழற்றி, சேசிஸ்க்கு அடியில படுக்கப் போடுங்க. ஜாக்கி கவிழ்ந்தாலும் வண்டி அது மேல உக்காரும். அப்புறம்தான் தூக்கணும். கொஞ்சம் தூக்கி, தள்ளி நின்னு பாருங்க, ஜாக்கி நேரா நிக்குதா? சாஞ்சா இறக்கி மறுபடி வைங்க. காத்து நிறைஞ்ச டயர் உயரமா இருக்கும், உள்ள போகலன்னா இன்னும் தூக்குறதுக்குப் பதிலா அடியில மண்ணைத் தோண்டுங்க. பலகைப் பக்கம் மட்டும் தோண்டக் கூடாது. உடம்பு எந்த நேரமும் வண்டிக்கு வெளியிலதான்.

பழைய டயர் கையில வந்ததும் அதை ஸ்டெப்னி இடத்துக்குத் தள்ளிட்டு ஸ்டெப்னியை எடுங்க. நட்டோட கூம்புப் பக்கம் ரிம்மைப் பார்த்து இருக்கணும். எல்லாத்தையும் கையாலயே ஏத்திட்டு, அடியில கிடக்கிற டயரை உருவி, வண்டியை இறக்கினப்புறம் எதிரெதிரா முறுக்குங்க. ஸ்பேனர் மேல ஏறிக் குதிக்க வேண்டாம், போல்ட் இழுத்துடும். நாகர்கோவில் போய்ச் சேர்ந்ததும் இன்னொரு தடவை முறுக்கிப் பாருங்க.

(காட்சி: கட்டைகளை எடுத்தல்.)

அண்டைக் கட்டையைக் கடைசியிலதான் எடுக்கணும். ஒருத்தர் ஏறி உக்காந்து கால் பிரேக்கை மிதிச்ச பிறகு, பக்கவாட்டுல நின்னு எடுங்க, இறக்கத்துப் பக்கம் நிக்காதீங்க. தார் ரோட்டுக்கு வந்ததும் லீவரை மறக்காம டூ வீலுக்கு மாத்திடுங்க.