பிளஸ் டூவுக்கும் கல்லூரிக்கும் நடுவில்

நேயர்களுக்கு வணக்கம். கேரள, தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி போன்ற ஊர்களிலும், அந்தப் பக்கம் கோவை, பொள்ளாச்சி வட்டாரத்திலும் இந்த உரையைக் கேட்பவர்கள் இருப்பார்கள் என்பதால், மாற்றுத்திறன் பிள்ளைகள் பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போவதைப் பற்றி இரண்டு மாநிலப் பெற்றோருக்கும் பொருந்தும்படியே பேச முயல்கிறேன். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பகுதிப் பள்ளிகளில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கான சிறப்பாசிரியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எங்களிடம் படித்த பிள்ளைகளில் சிலர் நல்ல மதிப்பெண்ணோடு கல்லூரியில் சேர்ந்து, ஓணம் விடுமுறைக்கு வீடு வந்தவர்கள் திரும்பிப் போகவே இல்லை என்று கேள்விப்படும்போதெல்லாம், படிப்பு ஏறாமல் அவர்கள் நிற்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும் என்றும், வயது வரம்பில் 5 ஆண்டுகள் தளர்த்த வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அதே சட்டம் 6 வயதிலிருந்து 18 வயது வரைதான் இலவசக் கல்விக்கு உறுதி தருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளியில் பி.ஆர்.சி. என்ற வட்டார வள மையத்து டீச்சர் வாரம் ஒரு முறையாவது வந்து பார்ப்பார். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது தலைமையாசிரியருக்கும் தெரியும், சத்துணவு சமைக்கும் அக்காவுக்கும் தெரியும். பதினெட்டு வயதைத் தொட்ட கையோடு இவ்வளவு பேரும் ஒரே நாளில் விலகிவிட, கல்லூரியில் வாய் திறந்து கேட்டால்தான் எதுவும் கிடைக்கும் என்ற நிலை வந்துவிடுகிறது. பன்னிரண்டு வருடம் அம்மாவும் டீச்சரும் பேசி வந்த ஒரு பிள்ளை, தனக்கு வேண்டியதை ஒரு நாளாவது தானே சொல்லிப் பழகியிருக்குமா?

ஆகவே, பிளஸ் ஒன் சேர்ந்த மாதத்திலேயே அந்தப் பழக்கத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. "எனக்குக் கண் சரியாகத் தெரியாது" என்று சொன்னால் கேட்பவருக்கு இரக்கம் வரும், அதற்கு மேல் என்ன செய்வது என்று விளங்காது. "வினாத்தாளை 24 புள்ளி அளவுள்ள பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தந்தால் நானே படித்துக்கொள்வேன், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடித்தால் கரும்பலகை தெரியாது, அதனால் ஜன்னலுக்கு முதுகு காட்டி முன் பெஞ்சில் உட்கார வேண்டும்" என்று என் மாணவி ஒருத்தி சொல்லக் கற்றுக்கொள்ள ஓராண்டு ஆயிற்று. முதல் நான்கு முறை அழுதுவிட்டாள். ஐந்தாவது முறை அவள் முதல்வரிடம் சொன்னபோது நான் அறைக்கு வெளியே நின்றிருந்தேன்.

எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதோடு இன்னொரு தடையும் உண்டு. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தவர் பாலக்காட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தால், பாடம் ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கம் மலையாளத்தில் வரும். காது கேட்கும் பிள்ளை இரண்டு மாதத்தில் மலையாளத்தைப் பிடித்துக்கொள்ளும். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பிள்ளையின் பாடு வேறு. உதட்டில் பாடம், மாடம் என்ற இரண்டு சொற்களும் ஒரே மாதிரிதான் தெரியும். முன்பின் வரும் சொற்களைக் கொண்டுதான் அந்தப் பிள்ளை எது என்று தீர்மானிக்கிறது. மொழியே மாறிவிட்டால் அந்த ஊகத்துக்கு எதைப் பிடிப்பது? காது கேளாதவர்களுக்கென்றே பட்டப்படிப்புகள் நடத்தும் நிஷ் என்ற நிறுவனம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. அங்கே போக முடிந்தவர்கள் போகலாம். உள்ளூரிலேயே படிக்கிறவர்களுக்கு, ஆசிரியர் தம் குறிப்புகளை முந்தின நாளே எழுத்தில் கொடுத்துவிடுவது பெரிய உதவி. அதற்குப் பணச் செலவு எதுவும் இல்லை.

குறிப்புகள் என்றதும் பார்வையற்ற மாணவர்களின் குறை ஒன்று நினைவுக்கு வருகிறது. கணினித் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் படிக்கும். ஆனால் அந்தத் தமிழ், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டச்சு செய்யப்பட்டிருக்க வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பைக் கொடுத்தால், கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவதை அந்த மென்பொருள் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு பருவத்துப் பாடம் முழுவதையும் இப்படி வாங்கி வைத்துக்கொண்டு, தன் கணினிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு முறை கடைக்குத் தூக்கிப் போன பையனை எனக்குத் தெரியும். கொடுத்த ஆசிரியர் நல்ல மனிதர். அவருக்கும் இது தெரியாது. புத்தகப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து அனுப்பினாலும் இதே கதைதான். பாமினிக் கோப்பை ஒரு முறை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்கப் பத்து நிமிடம் கூட ஆகாது.

தேர்வு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சொல்வதைக் கேட்டு எழுதுபவரை, எல்லாரும் ஸ்கிரைப் என்று சொல்கிறோமே அவரை, கல்லூரி ஏற்பாடு செய்யும் என்று நம்பிப் போன என் மாணவன் ஒருவனுக்குத் தமிழ்த் தாள் அன்று வந்தவர் தமிழ் எழுதவே தெரியாதவர். ழகரமும் றகரமும் இரண்டு மொழிக்கும் உண்டுதான், எழுத்து வேறல்லவா? அவர் பாவம், சொன்னதையெல்லாம் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டே போயிருக்கிறார். கண்காணிப்பாளர் கவனித்து நிறுத்துவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகளிலேயே, மொழித் தாள்களுக்கு வேறு வேறு ஸ்கிரைப் வைத்துக்கொள்ளலாம் என்றும், தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே அவரைச் சந்தித்துப் பேச வாய்ப்புத் தர வேண்டும் என்றும், ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்றும் இருந்தது. 40 சதவீதக் குறைபாடு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஸ்கிரைப் மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. இவற்றோடு இப்போது நடப்பில் உள்ள நெறிமுறைகளையும் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருங்கள். தேர்வு அறை வாசலில் நின்று சட்டம் பேசுவதை விட, சேர்ந்த முதல் மாதத்திலேயே எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்வது மேல்.

சக்கர நாற்காலிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, சாய்தளம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், போய்ப் பாருங்கள். ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. நான் பார்த்த பல சாய்தளங்கள் ஸ்கூட்டரை வராந்தாவில் ஏற்றுவதற்கே லாயக்கு. அதை இடித்துக் கட்ட ஆண்டுகள் ஆகலாம், ஆனால் மாடியில் இருக்கும் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற ஒரு நாள் போதும்.

கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளும் சட்டத்தின் 21 வகைகளில் அடங்கும். அட்டப்பாடிப் பழங்குடிப் பிள்ளைகளிடம் காணப்படும் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் அவற்றில் ஒன்று. வலி வந்தால் ஒரு வாரம் எழுந்திருக்க முடியாது, வருகைப் பதிவு குறையும், தேர்வு எழுதவே தடை வரும். மருத்துவச் சான்றை விடுப்பு எடுத்த பிறகு கொண்டுபோனால் சாக்குப்போக்காகத் தெரியும். சேரும்போதே கொடுத்து வைத்தால் அப்படித் தெரியாது.

சான்றிதழ்கள் பற்றிச் சுருக்கமாக: யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நாடு முழுவதும் செல்லும், ஆதலால் கோவையில் சேர்ந்தாலும் பாலக்காட்டில் சேர்ந்தாலும் அதைக் காட்டலாம். அதில் காலாவதித் தேதி இருந்தால் பிளஸ் டூ படிக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள். மாநில அரசு தரும் உதவித்தொகையும் பேருந்துச் சலுகையும் பெரும்பாலும் எல்லையோடு நின்றுவிடும் என்பதால், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அம்மாக்களிடம் ஒரு வார்த்தை. வேலந்தாவளத்திலிருந்து தினமும் மகனோடு பேருந்தில் வந்து, முதல் பருவம் முழுவதும் கல்லூரி மரத்தடியில் காத்திருந்த ஒரு தாயை அறிவேன். அந்த அன்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆயினும், அம்மா அங்கே உட்கார்ந்திருக்கும்வரை, உடன் படிப்பவர்கள் அவன் பையைத் தூக்கவோ அவனைக் கேன்டீனுக்கு அழைத்துப் போகவோ முன்வரவில்லை. அது அவர் வேலை என்று விட்டுவிட்டார்கள்.

காது கேளாத என் மாணவன் ஒருவன் கல்லூரியில் சேர்ந்த அன்று துறைத்தலைவரிடம் கொடுத்த அரைப்பக்கத் தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. மேலே தமிழில் அவனே எழுதியது. கீழே அதையே மலையாளத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் எழுதிக் கொடுத்தது. அதை வாசிக்கிறேன்: "எனக்குக் காது கேட்காது. பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசினால் எனக்கு எதுவும் கிடைக்காது. மெதுவாகப் பேச வேண்டாம், சாதாரணமாகப் பேசினால் போதும். வகுப்பு நேரம் மாறினால் பலகையில் எழுதிப் போடுங்கள். என்னைக் கூப்பிட வேண்டுமானால் பெஞ்சைத் தட்டுங்கள், அதிர்வு தெரியும். பின்னாலிருந்து தோளைத் தொட்டால் திடுக்கிடுவேன்."

நன்றி, வணக்கம்.