ஒரே துணி, ஒரே மெஷின்... ஆனால் ஒரு இன்ச் எங்கே போனது? | இந்த வார குவில்ட் வேலை

[திரையில்: ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு துணி வரிசைகள். வலது ஓரத்தில் மேல் வரிசை குட்டையாக நிற்கிறது.]

இந்த இரண்டு வரிசைகளையும் பாருங்கள். இரண்டும் தைத்து முடித்ததும் ஒரே நீளம் வர வேண்டும் என்று கணக்குப் போட்டு வெட்டியவை. ஒரே துணி, ஒரே மெஷின், தைத்ததும் ஒரே ஆள். ஆனால் மேல் வரிசை கீழ் வரிசையைவிடச் சரியாக ஒரு இன்ச் குட்டை. துணி சுருங்கவில்லை. வெட்டிய அளவும் சரி. அப்படியானால் அந்த ஒரு இன்ச் எங்கே?

இன்றைய வீடியோவுக்காகவே வேண்டுமென்று இப்படித் தைத்து வைத்தேன். குவில்ட் தைக்க உட்கார்ந்தவர்களில் பாதிப் பேரை எழுந்து ஓட வைத்தது இந்த ஒரு இன்ச்தான் என்பது என் கணிப்பு. ஆதாரம் கேட்காதீர்கள், கீழே கருத்துப் பகுதியைப் படித்தாலே தெரியும்.

வணக்கம். வாராவாரம் போல இந்த வாரமும் மேசையில் என்ன நடந்தது என்று பார்க்கப் போகிறோம். முதலில், புதிதாக வந்தவர்களுக்காக வேகமாக ஒரு பின்னணி. தெரிந்தவர்கள் ஒரு நிமிடம் தள்ளிப் போய்க்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

குவில்ட் என்றால் மூன்று அடுக்கு: மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பேட்டிங் எனப்படும் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றும் நகராதபடி ஊடுருவித் தைப்பதுதான் குவில்டிங். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஏறத்தாழ 5000 ஆண்டுப் பழமையான எகிப்திய அரசர் ஒருவரின் சிறிய தந்தச் சிலை இருக்கிறது. அவர் போர்த்தியிருக்கும் அங்கியே இப்படித் தைத்ததுபோல் கட்டம் கட்டமாகத் தெரியும். சிசிலியில் 14-ஆம் நூற்றாண்டில் தைத்த ஒரு குவில்ட் இன்றும் இருக்கிறது. வங்காளத்துக் காந்தா பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுப் பிறந்தது. ஜப்பானில் சஷிகோ, அதுவும் ஓட்டுத் தையல் வேலைதான். வரலாறு முடிந்தது. இனி இன்ச் டேப்பை எடுங்கள்.

[திரையில்: மேல் வரிசையின் பின்புறம், மிக அருகில். தையல் கோட்டுக்கும் துணி ஓரத்துக்கும் நடுவே ஸ்கேல்.]

குவில்ட் உலகத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே விதி, தையலுக்கு விடும் துணி கால் இன்ச். சட்டைக்கும் பாவாடைக்கும் அரை இன்ச், முக்கால் இன்ச் என்று தாராளமாக விடுவோம், பிறகு பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று. இங்கே அந்தப் பேச்சே இல்லை. இது மில்லிமீட்டரில் 6.35.

இந்த மேல் வரிசையில் 16 சதுரங்கள். ஒவ்வொன்றும் தைத்தபின் 3 இன்ச் வர வேண்டும், அதனால் மூன்றரை இன்ச்சாக வெட்டியது. கீழ் வரிசையில் 8 சதுரங்கள், தைத்தபின் 6 இன்ச், வெட்டியது ஆறரை. 16 மூன்று 48. 8 ஆறு 48. இரண்டு ஓரங்களிலும் அடுத்த தையலுக்கான கால் இன்ச் சேர்த்தால் இரண்டுமே 48½ இன்ச் நிற்க வேண்டும்.

இப்போது, தைக்கும்போது கால் இன்ச்சுக்குப் பதிலாக ஒரு இன்ச்சில் 16-ல் ஒரு பங்கு மட்டும் கூடுதலாகப் பிடித்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு தையலில் இரண்டு துணிகள் சேர்கின்றன, இரண்டிலிருந்தும் அந்த அளவு போகிறது. ஆக ஒரு தையலுக்கு 8-ல் ஒரு பங்கு இன்ச் காலி. மேல் வரிசையில் 15 தையல், ஒன்றே முக்காலுக்கும் மேலே போய்விட்டது. கீழ் வரிசையில் 7 தையல்தான், முக்கால் இன்ச் சொச்சம் போனது. 15-லிருந்து 7-ஐக் கழித்தால் 8 தையல். எட்டு தடவை எட்டில் ஒன்று. ஒரு இன்ச், பைசா சுத்தமாக!

எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். எல்லாத் தையலும் ஒரே அளவுக்குத் தப்பாக இருந்தால் பரவாயில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள். எல்லா வரிசையிலும் தையல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும்வரை அது உண்மைதான், குவில்ட் கொஞ்சம் சின்னதாக வரும், அவ்வளவுதான். சின்னத் துண்டும் பெரிய துண்டும் கலந்த டிசைனுக்குப் போன நாளில் அந்தத் தத்துவம் கிழிந்துவிடும்.

சரி, உங்கள் மெஷின் எவ்வளவு பிடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தையுங்கள். இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக ஒரு இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் அதிகம் பிடிக்கிறீர்கள், கூடினால் குறைவாக.

சரியாகக் கால் இன்ச்சில் தைத்தும் நடுப்பட்டை ஒரு மயிரிழை குறைவாக வரும் சிலருக்கு. உடனே ஸ்கேலைச் சந்தேகப்படாதீர்கள். துணியை ஒரு பக்கம் மடித்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்பு கொஞ்சம் துணியை எடுத்துக்கொள்கிறது. ஒரு தடித்த நோட்டுப்புத்தகத்தை வளைத்துப் பாருங்கள், வெளி அட்டை உள்பக்கத்துக் காகிதங்களைவிடக் கூடுதல் தூரம் சுற்றி வர வேண்டியிருக்கும். அதே கதை. அதனால்தான் கால் இன்ச்சைவிட ஒரு நூலிழை குறைவாகப் பிடித்துத் தைக்கச் சொல்கிறார்கள். நூல் தடிமனானால் மடிப்பும் தடிக்கும், மெல்லிய நூல் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மெஷினோடு வரும் சாதாரண ஃபுட், அதாவது துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம், அதன் ஓரத்தைக் கால் இன்ச் என்று நம்ப வேண்டாம், பல மெஷின்களில் அது கூடுதலாக இருக்கும். ஊசியிலிருந்து அளந்து, மெஷின் தட்டில் ஒரு டேப் ஒட்டிக்கொண்டால் போதும்.

[திரையில்: இந்த வார வேலை. ஒரு சதுரம், மூலைக்கு மூலை பாதி நீலம், பாதி வெள்ளை.]

இனி இந்த வாரத்துக் கதாநாயகன். ஹாஃப் ஸ்கொயர் ட்ரையாங்கிள், சுருக்கமாக ஹெச்எஸ்டி. இரண்டு முக்கோணங்கள் சேர்ந்து ஒரு சதுரம். இதற்கு வெட்டும் கணக்கு ஒரு விசித்திரம். சாதாரணச் சதுரத்துக்கு முடிந்த அளவோடு அரை இன்ச் சேர்ப்போம். இதற்கு 8-ல் 7 பங்கு இன்ச் சேர்க்கச் சொல்வார்கள். 3 இன்ச் வேண்டுமென்றால் 3⅞-ல் சதுரம் வெட்டி மூலைவிட்டமாகப் பிரிக்க வேண்டும். அது என்ன 8-ல் 7? யாரோ குத்துமதிப்பாகச் சொன்னதா?

இல்லை. முக்கோணத்தின் மூன்று பக்கமும் கால் இன்ச் விட வேண்டும். செங்கோண மூலையில் பிரச்சினை இல்லை, கால் இன்ச் கூட்டினால் முடிந்தது. ஆனால் அந்தக் கூர்மையான மூலையில், சாய்ந்த ஓரத்துக்கும் நேர் ஓரத்துக்கும் கால் இன்ச் விட்டால், முனை எங்கேயோ போய் நீட்டிக்கொண்டு நிற்கும். கணக்குப் போட்டால் கூட்ட வேண்டியது கால் இன்ச்சை, 2-ஓடு 2-இன் வர்க்கமூலம் சேர்த்ததால் பெருக்கியது. விடை 0.854. ஸ்கேலில் அப்படி ஒரு கோடு கிடையாது, பக்கத்தில் இருக்கும் கோடு 0.875, அதாவது 8-ல் 7. பள்ளியில் வர்க்கமூலம் எதற்கு என்று கேட்டவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இருப்பது அரை மில்லிமீட்டர். அதோடு மல்லுக்கட்டுவதைவிட, ஒரு முழு இன்ச் கூட்டி வெட்டி, தைத்தபின் அளவுக்கு நறுக்கிவிடுவது என் கட்சி. நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று, இரண்டு 4 இன்ச் சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இன்ச்சில் தையல். கோட்டில் வெட்டினால் இரண்டு ஹெச்எஸ்டி தயார். இஸ்திரி போட்டு மூன்றரைக்கு நறுக்க வேண்டும். நறுக்குவது அலுப்பான வேலை, பொய் சொல்லவில்லை. இந்த வாரத்தில் பாதி நேரம் அதற்கே போனது, மேசையடியில் துணிச் சீவல் குவியல். ஆனால் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தும்போது வரும் சுகம் இருக்கிறதே!

ஒரு எச்சரிக்கை: சாய்வாக வெட்டிய துணி இழுபடும். தையல்காரர்கள் கிராஸ் என்பார்கள். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து ஓட்டினால் சதுரம் சாய்சதுரம் ஆகிவிடும். பெட்டியை வை, எடு, நகர்த்தி வை. அவ்வளவுதான்.

[திரையில்: நான்கு ஹெச்எஸ்டிகள். கை ஒவ்வொன்றாகத் திருப்புகிறது. காற்றாடி, வைரம், அம்புக்குறி, மலைமுகடு.]

இப்போது நான்கை எடுத்து, இரண்டுக்கு இரண்டாக வைக்கிறேன். ஒன்றைத் திருப்பினால் காற்றாடி. இன்னொன்றைத் திருப்பினால் வைரம். ஒரு துண்டை நான்கு விதமாக வைக்கலாம், நான்கு துண்டு, ஆக 256 அமைப்புகள். புதுத்துணி ஒரு நூல்கூட வேண்டாம்!

இது குவில்ட்காரர்கள் மட்டும் விளையாடிய விளையாட்டு இல்லை. செபஸ்தியான் ட்ரூஷே என்று ஒரு பிரெஞ்சுப் பாதிரியார், 1704-ல், மூலைக்கு மூலை இரண்டு நிறமாகப் பிரித்த தரை ஓடுகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினார். தரையில் பதிக்கும் ஓடு அவருடையது, நம்முடையது துணி. உருவம் அச்சு அசல் ஒன்று. கணிதக்காரர்கள் இன்றும் அதை ட்ரூஷே ஓடு என்றுதான் சொல்கிறார்கள். நான் இந்த வாரம் அடுக்கியது எட்டுக்கு எட்டு, 64 துண்டு. எத்தனை விதம் தெரியுமா? 4-ஐ 64 தடவை பெருக்க வேண்டும். விடை 39 இலக்க எண். "இன்னும் டிசைன் முடிவாகவில்லையா" என்று வீட்டில் கேட்டால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். நான் சொல்லிவிட்டேன்.

அடுக்கிப் பார்க்கும்போது ஒரு தந்திரம். ஃபோனில் படம் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் வேறு வேறாக இருந்தாலும், அடர்த்தி ஒன்றாக இருந்தால் அந்த இரண்டும் ஒட்டிக்கொண்டு டிசைனே மறைந்துவிடும். சிவப்பும் பச்சையும் அடிக்கடி இந்த வம்பு செய்யும். இந்த வாரம் ஒரு அழகான பச்சைத்துணி இப்படித்தான் ஒதுக்கப்பட்டது. மனசே இல்லை.

இவ்வளவு நேரம் அளவு அளவு என்று பேசிவிட்டேன், மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அங்கே கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக, பழைய வேலைத்துணிகளைக் கிழித்து, கண்ணால் அளந்து தைத்த குவில்ட்கள். கோடு வளைந்திருக்கும், சதுரம் சாய்ந்திருக்கும், வரிசை குறைந்தால் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். 2002-ல் அருங்காட்சியகங்கள் அவற்றைக் காட்சிக்கு வைக்க ஆரம்பித்தன, 2006-ல் அவற்றில் பத்து, அமெரிக்கத் தபால் தலைகள் ஆயின. கால் இன்ச்சை வைத்துப் பயமுறுத்துபவர்களிடம் இந்தத் தபால் தலைகளைக் காட்டுங்கள். என் கருத்து: கூர்முனைகள் சந்திக்கிற டிசைன் வேண்டுமானால் அளந்தே ஆக வேண்டும். கை போன போக்கில் தைக்க ஆசையென்றால் ஸ்கேலை அலமாரியில் வைத்துவிடலாம். பாதி அளந்து பாதி விட்டால்தான் சிக்கல்.

மற்ற வேலைகள்: துணிப்பைக்குக் கைப்பிடி வைத்தாயிற்று. சஷிகோ மேசைவிரிப்பில் ஒரு ஓரம் மட்டும் பாக்கி. போன மாதம் ஆரம்பித்த தலையணை உறையைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

அடுத்த வாரம் இந்த 64-ஐயும் வரிசை வரிசையாக இணைக்கிறேன். பக்கத்து வரிசைகளின் தையல் மடிப்புகளை எதிரெதிர்த் திசையில் இஸ்திரி போட்டு, ஒன்றுக்குள் ஒன்று உட்கார வைப்பது எப்படி என்று பெரிதாக்கிக் காட்டுகிறேன், அதற்கே தனி வீடியோ வேண்டும். அதற்குள் அந்த மூன்று பட்டைச் சோதனையைச் செய்துவிட்டு, உங்கள் நடுப்பட்டை எவ்வளவு வந்தது என்று கீழே எழுதுங்கள். "சரியாக ஒரு இன்ச்" என்று எழுதுபவர்கள் ஸ்கேலோடு படமும் போட வேண்டும், வாய்வார்த்தை செல்லாது.